சுவரொட்டியைப் படித்தவர்கள்

(ரமணாசிரமம் பகுதியில் நிகழ்ந்த நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு தோழர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். சுவரெழுத்து, சுவரொட்டி இயக்கங்களின் வரலாற்றைப் பேசப் போகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். கறிக்கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தச் சொல்லின் இன்னொரு பொருள் தெரியும். மண்ணீரலுக்குக் கறிக்கடையில் சுவரொட்டி என்று பெயர். சோகை பிடித்த பிள்ளைக்கு ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்போம். இன்று பேசப் போவது பன்றியின் சுவரொட்டியைப் பற்றி. அதில் எழுதியிருந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் படித்தார்கள். படித்ததை வெளியே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே போனதில் வந்ததுதான் இந்த உரை.

நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்து ரமணாசிரமம் நடந்து போகும் தூரம். உள்ளே போனவர்கள் பார்த்திருப்பீர்கள், லட்சுமி என்ற பசுவுக்கு அங்கே சமாதி இருக்கிறது. 1948இல் இறந்த பசு. அருகிலேயே ஒரு மானுக்கும் ஒரு காக்கைக்கும் ஒரு நாய்க்கும் சமாதி. விலங்குக்குச் சமாதி எழுப்பும் மனத்தை நாம் கேலி செய்ய வரவில்லை. அந்த வரிசையில் பன்றி இல்லை என்பதை மட்டும் கவனித்து வைத்திருக்கிறோம்.

ஆனால் இந்த ஊரின் கதையே பன்றியில்தான் தொடங்குகிறது. அடி முடி தேடிய கதை உங்களுக்குத் தெரியும். பிரம்மன் அன்னமாகி முடியைத் தேடி மேலே பறந்தான். திருமால் பன்றியாகி அடியைத் தேடி மண்ணைத் தோண்டிக் கீழே போனார். அன்னம் தாழம்பூவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு முடியைக் கண்டேன் என்று பொய் சொன்னது. பன்றி, காணவில்லை என்று ஒப்புக்கொண்டது. சிவன் கோயில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள். மேலே அன்னம் இருக்கும், கீழே மூக்கை மண்ணில் நுழைத்துக்கொண்டு பன்றி இருக்கும். நம் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். "உண்மை சொன்னதுக்குத்தான் அதை இன்னும் கிரிவலப் பாதையில விரட்டறாங்க" என்பார்.

அண்ணன் என்று சொன்னால் போதும், யாரைச் சொல்கிறோம் என்று இந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். மேடையில் தன் பெயரைச் சொல்வதை அவர் விரும்பியதில்லை. இன்றும் சொல்லாமலே விடுகிறோம். ஆட்டோ ஓட்டினார். சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த புத்தகங்களைத் திண்ணையில் பரப்பி வைத்து எங்களைப் படிக்க வைத்தார். அவர் குடும்பம் பன்றி வளர்த்த குடும்பம். அவருடைய அப்பா, எங்களுக்கெல்லாம் பெரியப்பா, இந்தச் சுற்றுவட்டாரத்தில் பன்றி அறுப்பதில் கைதேர்ந்தவர். அறுத்து, ஓலையில் பொசுக்கி, மயிர் சுரண்டி, கூறு போட்டு முடிக்கும்வரை அவர் பேச மாட்டார். குடலை எடுத்துப் போடும்போது மட்டும் எதையாவது முணுமுணுப்பார்.

2000க்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகளில் ஒரு கார்த்திகை. தீபம் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். தீபத்துக்கு லட்சக்கணக்கில் வருகிற சனம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் சோறு, பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு மாதத் தீவனம். அன்னதானச் சோறு, ஓட்டல் எச்சில், கறிக்கடைக் கழிவு எல்லாம் ஒரே பீப்பாயில்தான் வரும். அந்த ஆண்டு பன்றிகள் சோற்றைத் தொடாமல் படுத்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. கண்ணில் பீளை தள்ளியது. காதும் அடிவயிறும் நாவல் நிறத்துக்கு மாறின. எழுந்து நடந்தவை பின்னங்கால் பின்ன நடந்தன. இரண்டு குட்டிகள் செத்த அன்று மாலை பெரியப்பா கத்தியைத் தீட்டினார். கிடக்கிற மற்றவையும் செத்துப்போனால் காசு கிடைக்காது. சாவதற்குள் அறுத்துவிட வேண்டும்.

விளக்கு பிடிக்க நாங்கள் நின்றோம். முதல் பன்றியைத் திறந்ததும் சுவரொட்டியைக் கையில் எடுத்து விளக்கின் பக்கம் காட்டினார். "ஓரத்துல பாருடா, கறுப்பா பல்லு பல்லா கட்டியிருக்கு. இது நல்ல சாவு இல்ல" என்றார். குண்டிக்காயைத் தோலுரித்தபோது அதில் ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அதையும் காட்டினார். பிறகு கூறு போட்டார். காலையில் விற்றோம். வாங்கியவர்கள் நம் சனம்தான், நம்மைப் போலவே கிலோக் கணக்கில் ஆட்டுக்கறி வாங்க வழியில்லாதவர்கள். கழுவிய தண்ணீர் ஓடையில் போயிற்று. அடுத்த பதினைந்து நாளில் ஓடையின் கீழ்ப்புறம் இருந்த இரண்டு குடியிருப்புகளிலும் பன்றிகள் செத்தன.

இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச முடியாது என்பதால் முதலில் சொல்லிவிட்டோம்.

அந்தப் பன்றிகளுக்கு யாரும் இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. ஆனால் பெரியப்பா கையில் பிடித்துக் காட்டியதைக் கால்நடை மருத்துவ மாணவர் ஒருவரிடம் பிற்காலத்தில் சொன்னபோது, அவர் தன் பாடநூலில் இருந்த படத்தைத் திறந்து வைத்தார். அதே சுவரொட்டி. ஓரத்தில் இரத்த ஓட்டம் அடைபட்டுக் கறுத்துப்போன பகுதிகள். பன்றிக் காய்ச்சல் என்று கால்நடைத் துறையார் சொல்லும் பழைய நோய்க்கு அது கிட்டத்தட்ட கையெழுத்து போன்றது. பெருங்குடலின் உள்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் வட்டப் புண்களும் இருக்கும். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1944இல், அலிகரில். இதற்குத் தடுப்பூசி உண்டு. நெடுங்காலம் முயலுக்கு வைரஸைச் செலுத்தி, அதன் மண்ணீரலிலிருந்து இந்த ஊசியைத் தயாரித்தார்கள். ஒரு முயலைக் கொன்றால் ஐம்பது டோஸ் கிடைக்கும். நாட்டுக்கு ஆண்டுக்கு 2.2 கோடி டோஸ் தேவை, உற்பத்தியாவது 12 லட்சம் என்று 2020இல் மத்திய அரசே சொன்னது. அதே ஆண்டில் உயிரணு வளர்ப்பு முறையில் புதிய ஊசியை இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. ஆக, எங்கள் குடியிருப்பில் பன்றிகள் செத்தபோது ஊசி இருந்தது, எங்கள் பன்றிகளுக்குத்தான் இல்லை. மாட்டுக்குக் கோமாரி ஊசி முகாம் நடப்பது தண்டோரா போட்டுத் தெரியும். பன்றிக்கு முகாம் நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

இப்போது வந்திருப்பது வேறு நோய். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் வைரஸ்கள் இரண்டுக்கும் உறவே கிடையாது. 1921இல் கென்யாவிலிருந்து முதன்முதலாக எழுதப்பட்டது. 2007இல் ஜார்ஜியாவுக்கு வந்தது. கப்பலில் வந்த உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றதால் வந்தது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. 2018 ஆகஸ்டில் சீனா. 2020 மே மாதத் தொடக்கத்தில் அசாம் அரசு அறிவித்தபோது 306 கிராமங்களில் 2,500 பன்றிகள் ஏற்கெனவே செத்திருந்தன; போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் பரிசோதித்து உறுதி செய்தது. மிசோரத்தில் 2021இல் மட்டும் 30,000க்கு மேல். 2022 ஜூலையில் வயநாடு, மானந்தவாடிப் பக்கம். 2023 ஜனவரியில் முதுமலையில் தெப்பக்காடு சுற்றிலும் காட்டுப்பன்றிகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. அதுவும் இந்த நோய்தான் என்று பரிசோதனையில் தெரிந்தது.

இந்த நோயில் சுவரொட்டி வேறு மாதிரி எழுதும். ஓரம் மட்டும் கறுக்காது. முழுவதும் கருநீலமாகி, வழக்கத்தைவிடப் பல மடங்கு வீங்கி, விரலால் அழுத்தினால் நொறுங்கும். நெறிகள் இரத்தக்கட்டி போல இருக்கும். தடுப்பூசி நம் நாட்டில் இல்லை, மருந்தும் இல்லை. தொற்றிய பன்றிகளில் பெரும்பாலானவை, சில மந்தைகளில் எல்லாமே, செத்துவிடும்.

இது மனிதர்களுக்குத் தொற்றாது. நம் மாணவர்கள் இதை ஊரில் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கறியைத் தின்றவருக்கு ஒன்றும் ஆகாது. பிறகு என்ன ஆபத்து என்றால், வைரஸ் கறியிலும் இரத்தத்திலும் உயிரோடு இருக்கிறது. உப்புக்கண்டத்தில் மாதக்கணக்கில் இருக்கும், உறைய வைத்த கறியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். தின்று மிச்சமான எலும்பு எச்சில் பீப்பாய்க்குப் போகிறது, பீப்பாய் இன்னொரு பட்டிக்குப் போகிறது. எச்சிலைக் கொதிக்க வைத்துக் கிளறி ஒரு மணி நேரம் வேகவைத்துக் கொடுத்தால் வைரஸ் செத்துவிடும். விறகு யார் கொடுப்பார்கள் என்று பெரியம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தினமும் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் இந்த வட்டாரத்துச் சமையல்கூடங்களில் ஒரு அடுப்பு அதற்கென்று ஒதுக்கினால் நடக்கும். கேட்டுப் பார்க்கலாம்.

சரி, நோயை எங்கே கண்டுபிடிப்பது? அறுக்கும் இடத்தில்தான். உயிரோடு இருக்கும் பன்றியைப் பிடித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று சுருக்குப் போட்டுப் பிடித்தவர்களுக்குத் தெரியும். அறுக்கும்போது உடல் முழுவதும் திறந்து கிடக்கிறது, இரத்தம் கையிலேயே இருக்கிறது. சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. விலங்கு வதைத் தடுப்பு, இறைச்சிக் கூட விதிகள் என்று 2001இல் வந்தவற்றைப் படித்துப் பாருங்கள். நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தில் மட்டுமே அறுக்கலாம். அறுக்கும் முன் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு விலங்கையும் சோதிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 12க்கு மேல் பார்க்கக் கூடாது, ஒரு நாளில் 96க்கு மேல் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அறுத்த பிறகும் உறுப்புகளைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும்.

அந்த ஐந்து நிமிடம் எங்கள் பன்றிகளில் ஒன்றுக்கும் கிடைத்ததில்லை. ஆட்டுத்தொட்டி என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. அது ஆட்டுக்காகக் கட்டியது. பன்றியை அங்கே கொண்டுபோனால் ஆட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு அவர்களுடைய காரணம். தனியாகப் பன்றித் தொட்டி கேட்டால் கோயில் ஊரில் அதற்கு இடம் எங்கே என்பார்கள். கிரிவலப் பாதையில் அசைவ உணவகம் இருக்கலாமா என்ற பேச்சே 2023இல் ஆளுநர் மட்டம்வரை போயிற்று. ஆகவே புளியமரத்தடியில், விடியலுக்கு முன், சாக்கு மறைப்பில் அறுக்கிறோம். சட்டப்படி அது குற்றம். சட்டப்படி அறுக்க இடமும் இல்லை. ஒளிந்து செய்கிற வேலையில் கண்ட நோயை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னவர் முதலில் தன் குற்றத்தை அல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் இழப்பீட்டுக் கணக்கு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை அரசு கொல்லும். பத்துக் கிலோமீட்டர் கண்காணிப்பில் இருக்கும். அரசு கொன்ற பன்றிக்கு இழப்பீடு உண்டு, நோயில் தானாகச் செத்த பன்றிக்கு இல்லை. மாதிரி எடுத்து, போபாலுக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் பாதி மந்தை செத்துவிடும். பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்தக் கணக்கு தெரியும். இன்று இரவு அறுத்தால் காலையில் காசு. கத்தியைத் தீட்டிய அவரை நாம் எப்படிக் குறை சொல்வது? குறை சொல்லாமல் விட்டால் ஓடையின் கீழ்ப்புறத்து வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது? இந்த இரண்டுக்கும் நடுவில் அண்ணன் வாழ்நாள் முழுக்க நின்றார்.

1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னதை இங்கே எல்லாரும் படித்திருப்போம். சுயமரியாதைக்காகச் சொன்னார். பெரியப்பாவிடம் அண்ணன் அதைச் சொன்னபோது, "செத்ததை நான் அறுக்கலையே, சாகப் போறதைத்தானே அறுத்தேன்" என்றாராம். அப்பாவும் பிள்ளையும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

இனி அண்ணனின் தங்கை மகனைப் பற்றி. அந்தப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. ஐப்பசி மழைக்குப் பின், நெல் வயல் நிறையத் தண்ணீர் நின்ற நாட்கள். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் வலிப்பு. ஒரு பெரிய மருத்துவமனையில் பதினெட்டு நாள் கிடந்து உயிரோடு திரும்பினான். பேச்சு திரும்பவில்லை, வலது கையும் திரும்பவில்லை. சீட்டில் மூளைக்காய்ச்சல் என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த வைரஸ், வைரஸ்தானா என்று எழுதவில்லை. தெருவில் அதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: பன்றியால் வந்த நோய். ஒரு மாதத்தில் பட்டியைக் காலி செய்ய வைத்தார்கள். அண்ணன் எதிர்க்கவில்லை, மருமகனைப் பார்க்கும் போதெல்லாம் அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அவர் மருத்துவ நூல்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

அவர் முதலில் கண்டுபிடித்த செய்தி நம் மாவட்டத்தைப் பற்றியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக மனிதர்களிடம் அடையாளம் காணப்பட்டது 1955இல், வட ஆற்காடு மாவட்டத்தில். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த கிராமத்துக் குழந்தைகளிடம். பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் இரத்தத்தைச் சோதித்துச் சொன்னது. திருவண்ணாமலை 1989வரை அந்த வட ஆற்காட்டில்தான் இருந்தது. பின்னாளில் 1980களிலும் 90களிலும் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள திருக்கோவிலூர் உட்பட அன்றைய தென்னாற்காட்டில் இந்த நோய் குழந்தைகளைத் தாக்கியது. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் அங்கே ஆண்டுக்கணக்கில் கொசு பிடித்து ஆராய்ந்தார்கள்.

அந்த வைரஸின் சொந்த வீடு கொக்கும் நாரையும். வயல் தண்ணீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு அவற்றைக் கடித்து வைரஸை எடுத்துக்கொள்கிறது. பன்றியைக் கடித்தால் அதன் இரத்தத்தில் வைரஸ் சில நாட்களுக்குப் பெருகும். வேறு கொசுக்கள் அங்கிருந்து எடுத்துப் போகும். வளர்ந்த பன்றிக்கு நோய்க் குறி எதுவும் தெரியாது, சினைப் பன்றி மட்டும் செத்த குட்டி போடும். மாட்டைக் கடித்தால் அதோடு நின்றுவிடும். மனிதனும் அப்படியே. தொற்றிய 250 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் மூளைக்காய்ச்சலாக முற்றும். முற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறப்பார்கள், பிழைத்தவர்களில் பலருக்கு வாழ்நாள் ஊனம். கொக்கு, வயல், தண்ணீர், கொசு, பன்றி என்று ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் காரியத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்படுவது ஒருவர்தான். சாத்தனூர் வாய்க்காலை யாரும் மூடச் சொல்லவில்லை. மூடக் கூடாது என்பதுதான் நம் கட்சியும்.

அறுக்கும் இடத்தில் நோயைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன என்பதற்கு அண்ணன் எங்களுக்குக் காட்டிய உதாரணம் ஜப்பான். அங்கே 1965 முதல் ஒவ்வொரு கோடையிலும் இறைச்சிக் கூடங்களில் அறுபடும் இளம் பன்றிகளின் இரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆறு மாதப் பன்றி சென்ற ஆண்டின் கொசுவைப் பார்த்திருக்காது. அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் இந்த ஆண்டு, இந்த வட்டாரத்தில் நடமாடுகிறது என்று பொருள். எத்தனை சதவீதப் பன்றிகளில் இருக்கிறது என்று வாராவாரம் பார்த்து, ஏறத் தொடங்கினால் அந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை போகும், பிள்ளைகளுக்கு ஊசி போடுங்கள், கொசுவலை கட்டுங்கள் என்று. பிள்ளைகளுக்கு வருமுன் பன்றி சொல்லிவிடுகிறது. மழைமானி வைத்து மழையை அளக்கிறோமே, அது மாதிரி. பன்றியை விரட்டிவிட்ட ஊர், தன் மழைமானியை உடைத்துப் போட்ட ஊர் என்பார் அண்ணன். இதில் அவரோடு எங்களுக்கு முழு உடன்பாடு இருந்ததில்லை. வீட்டுச் சுவரை ஒட்டிப் பட்டி இருப்பது ஆபத்து என்பதும் உண்மை. பட்டி தள்ளி இருக்க இடம் வேண்டும், இடம் யாரிடம் இருக்கிறது என்று விவாதம் வேறு பக்கம் போய்விடும்.

மருமகனுக்கு வந்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தானா? கோரக்பூர் பக்கம் 2005இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். 2006 முதல் தடுப்பூசி வந்தது. அதன் பிறகும் மூளைக்காய்ச்சல் நிற்கவில்லை. பன்றிப் பட்டிகளை அகற்றச் சொன்னார்கள். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உட்படப் பலர் ஆராய்ந்தபோது, மிச்சமிருந்த நோயாளிகளில் பெரும்பங்குக்குக் காரணம் ஸ்கரப் டைபஸ் என்று தெரிந்தது. புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் பாக்டீரியா நோய். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் குணமாகும். பன்றிக்கும் அதற்கும் ஒட்டு உறவில்லை. ஸ்கரப் டைபஸ் நம் வேலூர், திருவண்ணாமலைப் பக்கமும் சாதாரணமாக வருவது. இதைப் படித்த அன்று அண்ணன் ஆட்டோவை எடுக்கவில்லை. அந்தச் சீட்டை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவறான நோயைப் பன்றியின் மேல் ஏற்றிய இன்னொரு கதை மலேசியாவில் நடந்தது. 1998 செப்டம்பரில் ஈப்போ அருகே பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்து அடித்து, தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். பண்ணைத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்த சில செய்திகள் பொருந்தாமல் கிடந்தன: பிள்ளைகள் அல்ல, பன்றியைத் தொட்டு வேலை செய்யும் பெரியவர்கள் விழுகிறார்கள், அதற்கு முன்பே பன்றிகள் பண்ணையே அதிர இருமின. கொசு, தொட்டவரையும் தொடாதவரையும் பார்த்துக் கடிப்பதில்லையே? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கோ பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிபா. மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சீனர்கள், நம் இந்திய வம்சாவளியினரும் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். அதே மார்ச்சில் சிங்கப்பூரில் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். பதினொருவரும் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள், மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளை அறுத்தவர்கள்.

அந்தப் பதினொருவரைப் பற்றி அண்ணன் எழுதத் தொடங்கிய கட்டுரை முடியாமல் நின்றுவிட்டது. இரத்தம் தெறிக்கும் இடத்தில் வெறுங்கையோடு நிற்பவர்தான் நோயை முதலில் பார்க்கிறார், நோயும் அவரைத்தான் முதலில் பார்க்கிறது என்று அதன் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கையுறை, ஒரு முகக்கவசம், கண்ணாடி, கொஞ்சம் சோப்பு. நம் புளியமரத்தடியில் இதில் சோப்பு மட்டும் உண்டு.

பெயரைப் பற்றியும் ஒன்று. 2009இல் மனிதருக்கு மனிதர் பரவிய ஃப்ளூவுக்கு நம் பத்திரிகைகள் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வைத்தன, இன்றும் விடவில்லை. அந்த ஏப்ரல் 30 முதலே உலக சுகாதார நிறுவனம் பன்றி என்ற சொல்லைக் கைவிட்டது. எகிப்து அரசு கேட்கவில்லை. நாட்டில் ஒரு பன்றிக்கும் அந்த நோய் கண்டுபிடிக்கப்படாத நிலையில் ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகளைக் கொன்றது. அவற்றை வளர்த்தவர்கள் கெய்ரோவின் குப்பை அள்ளும் கிறித்தவச் சிறுபான்மையினர், ஜபலீன் என்று பெயர். நகரத்தின் உணவுக் குப்பையைத் தின்றது அந்தப் பன்றிகள்தான். பன்றிகள் போன பின் தெருத் தெருவாகக் குப்பை அழுகியது. "பன்றியோடு சேர்ந்த கன்றும்" என்று தொடங்கும் பழமொழி நம்மிடம் இருக்கிறது. அங்கேயும் ஏதாவது இருக்கும். ஃபன்றி படம் வந்தபோதும் மாமன்னன் வந்தபோதும் பன்றிக்குட்டியைக் கையில் வைத்துப் படமெடுத்துப் போட்ட நம் தம்பிகளைப் பார்த்தோம். நல்லது. பட்டிக்குள் போய் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து எழுதினால் இன்னும் நல்லது. 2012இல் நாட்டில் 1 கோடிக்கு மேல் இருந்த பன்றிகள் 2019 கணக்கெடுப்பில் 90 லட்சமாகக் குறைந்திருக்கின்றன. குறைந்த பன்றிகளோடு யார் வீட்டு வருமானம் குறைந்தது என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்கவில்லை.

என்ன கேட்பது என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. இந்தத் தொழிலையே விட்டு வெளியேற வேண்டும், பிள்ளைகளை இதன் நிழல் படாமல் வளர்க்க வேண்டும் என்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உள்ள வலி எங்களுக்குத் தெரியும். அண்ணன் மறுபக்கம். சாதி ஒட்டவைத்த தொழில் என்பதற்காகக் கைத்திறனையும் சேர்த்துத் தூக்கிப் போட முடியாது என்பார். வெண்பன்றிப் பண்ணைக்கு மானியம் வாங்குபவர்கள் பட்டியலைப் பாருங்கள், இழிவு எப்போது போய்விடுகிறது என்று தெரியும் என்றும் சொல்வார். வெளியேற நினைப்பவர் வெளியேறட்டும். இருப்பவருக்கு அறுக்கக் கூரையும் தண்ணீரும் உள்ள இடம் வேண்டும். அங்கே வாரம் ஒரு நாளாவது மருத்துவர் வர வேண்டும். நோயைத் தெரிவித்தவருக்கு வழக்கு வரக் கூடாது. தெரிவித்த நாளிலிருந்து செத்த பன்றிக்கும் இழப்பீடு வேண்டும். கடைசியாகச் சொன்னது கிடைத்தால் மற்றது தானாக நடக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். கத்தியைத் தீட்டும் கணக்கு அன்றைக்கே மாறிவிடும்.

பெரியப்பா போன மாசியில் காலமானார். அதற்கு ஓராண்டு முன் அவரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். நல்ல சுவரொட்டி எப்படி இருக்கும், கெட்டது எப்படி, குண்டிக்காயில் புள்ளி, குடலில் பொத்தான் புண், நெறியில் இரத்தம். பெயரில்லாமல், நோய் நோயாக அவர் பிரித்து வைத்திருந்தார். கால்நடை மருத்துவ மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பாடநூல் பெயரை எழுதினார். ஒன்றிரண்டில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அவற்றையும் அப்படியே வைத்திருக்கிறோம். நான்கு பக்கத் தாளாக அச்சடித்து வாசலில் மேசைமேல் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொருவரும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று அறுப்பவர் வீட்டுக்கு. பின்பக்கம் கட்டம் போட்ட இடத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டிவிடுங்கள்: செத்துக் கிடக்கும் பன்றியைத் திறந்து பார்க்க வேண்டாம், இரத்தம் மண்ணில் சிந்தினால் நோய் அங்கேயே தங்கும், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவும். தகவல் சொல்லவேண்டிய மருத்துவமனையின் எண்ணுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறோம். அந்தந்த ஊருக்கு உரியதை நீங்களே விசாரித்துப் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.